ஏலத்தில் மீட்காத பிள்ளை

காணிக்கை,

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்ட அன்று, "போகாதே" என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. சபை வாலிபர்கள் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். போதகர் உன் தலையில் கை வைத்திருந்தார். உன் அத்தை அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கண்ணன் ஆத்துமா இனிமேத்தான் இளைப்பாறும்" என்றாள். செத்துப்போன ஒரு மனிதரின் ஆத்துமாவை இளைப்பாற வைக்கிற வேலையை இருபது வயதுப் பையன் தலையில் ஏற்றச் சொன்னது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "தண்ணி இருக்கும்மா, நீ கடைக்குப் போ, நேரமாவுது" என்றாய். வேதாகமக் கல்லூரிக்குப் படிக்கப் போகிறவனின் முகம் அப்படி இருக்காது. தண்டனையைச் சீக்கிரம் அனுபவித்து முடித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, தானாக நடந்து போகிறவனின் முகம் அது. அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம், என் சுபாவத்துக்கு அதுதான் பொருத்தம். சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தப்பித்துக்கொள்கிறவள் நான். மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஏதாவது புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, யாராவது வந்தால் மூடிவிடுகிறவள். ஆனால் உன்னைப் பற்றிய அந்த வார்த்தை உன் அப்பாவின் சாவு வீட்டில், ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. நம் தெருவும் அடுத்த தெருவும் கேட்டன. அதற்கான பதிலை உன் காதில் மட்டும் சொன்னால் அந்த வார்த்தை பாட்டுக்கு ஊரில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் உனக்கு எழுதுகிற இதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

உன் அப்பா இறந்த அன்று நடந்ததை நீ ஒரு விதமாக நினைவில் வைத்திருக்கிறாய். நான் பார்த்தது இது. மில்லுக்குப் புறப்பட்டுச் சட்டைக்குள் கையை விட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முந்திய கோடையில், வெளியூரிலிருந்து வந்த ஒரு சுகமளிக்கும் ஊழியக்காரர் மைதானத்தில் கூட்டம் நடத்தினார். உன் அப்பா முன்னால் போய் முழங்காலிட்டு வந்தார். மறுநாள் முதல் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். "சுகமாயிட்டுன்னு விசுவாசிச்ச பொறவு மாத்திரையைத் தின்னா ஆண்டவரை நம்பலைன்னுல்லா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். நான் மாத்திரை விற்கிறவள். ஊரில் எத்தனையோ பேருக்கு எப்போது எதைப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் வாயில் ஒரு மாத்திரையைப் போட முடியவில்லை. சண்டை போட்டேன், டீயில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், கசக்கிறது என்று முகத்தில் அடித்த மாதிரிக் கீழே ஊற்றினார். உன் அப்பாவின் சாவுக்கு ஒரு காரணம் தேவை என்றால், கடையில் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அது இருக்கிறது. நீ அந்தக் காரணத்தில் எங்கும் இல்லை.

ஆனால் பந்தலில் சொல்லப்பட்ட காரணம் வேறு. உடலை எடுக்கும் முன் செய்தி கொடுத்த போதகர் முதலில் உன் அப்பாவின் நல்ல குரலைப் பற்றிப் பேசினார், பிறகு அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசினார், பிறகு உன்னிடம் வந்தார். உன் பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "கர்த்தருக்குன்னு கொடுத்த ஒண்ணை அவர் கையிலேர்ந்து திரும்ப எடுத்தா, கர்த்தர் வேற ஒண்ணை எடுத்துக்கிடுவார்" என்றார். பந்தலில் இருந்த எல்லாத் தலைகளும் உன் பக்கம் திரும்பின. நீ அப்பாவின் கால்மாட்டில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தாய். உன் கை நின்றதை நான் பார்த்தேன். கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் உன் அத்தை உன் சட்டையைப் பிடித்து, "ஏலே, அப்பனைத் தின்னுட்டு ஒர்க்‌ஷாப்புல போய் நட்டு முறுக்கப் போறியோ?" என்று கேட்டாள். நீ சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

நீ செய்தது என்ன? பள்ளிப் படிப்பு முடிந்ததும், "எனக்கு ஜெபம் பண்ண வரும்ப்பா, பிரசங்கம் பண்ண வராது, டிராக்டர் வேலைதான் வரும்" என்று அப்பாவிடம் சொன்னாய். இருபது வயதுக்குள் இவ்வளவு தெளிவாகத் தன்னைத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஐ.டி.ஐ. முடித்து, எட்டயபுரம் சாலையில் பட்டறையில் சேர்ந்தாய். உன் முதலாளி உன்னைப் பற்றி என்னிடம், "தங்கச்சி, ஒம் பய இஞ்சின் சத்தத்தை வச்சே என்ன கேடுன்னு சொல்லிப்புடுதான்" என்றார். அவர் வைணவர், நெற்றியில் நாமத்தோடு என்னிடம் இதைச் சொன்னபோது, நம் சபையில் உன்னைப் பற்றி யாரும் இப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று எனக்குத் தோன்றியது.

உன் பெயரின் கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், எப்போதும் அப்பாவின் பக்கத்திலிருந்து. என் பக்கத்திலிருந்து இப்போது கேள். உனக்கு ஒரு வயது நடக்கும்போது காய்ச்சலில் இழுப்பு வந்தது. அரசு மருத்துவமனையில் உனக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா வராண்டாவில் முழங்காலிட்டு, பிள்ளையைக் கொடுத்தால் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்தார். நீ பிழைத்தாய். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். நம் சபையில் பண்டிகையன்று விளைச்சலைப் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். பொருத்தனைப் பிள்ளைகளையும் அந்த விளைச்சலோடு சேர்த்து உட்காரவைப்பது வழக்கம். தகப்பன் ஒரு தொகை கேட்பான், வேறு யாரும் போட்டிக்குக் கேட்க மாட்டார்கள், சிரிப்பும் கைதட்டலுமாகப் பிள்ளையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அத்தோடு பொருத்தனை தீர்ந்தது. அப்படி மீட்கப்பட்டவர்கள் நம் சபையில் நிறைய இருக்கிறார்கள். நீ சாவிலிருந்து காப்பாற்றப்பட்ட மாதிரி அவர்களும் ஏதேதோ நோயிலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள்தான். ஒருவன் பைக் ஷோரூமில் இருக்கிறான், ஒருவன் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டைக்குக் காலர் தைக்கிறான். அவர்கள் ஆத்துமாவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

உன்னைப் பூசணிக்காய்க்கும் கம்புக் கதிர்க் கட்டுக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கால் கட்டிய ஒரு சேவல். அதை நீ இழுத்தாய், அது கொத்தியது, நீ அழுதாய். ஏலம் போட்டவர் உன்னைத் தூக்கிக் காட்டி, "பூசணிக்கா எல்லாம் சும்மா இருக்கு, இது ஒண்ணுதான் அழுவுது, நல்ல விளைச்சல்தான்! ஏ மாப்ள, கேளும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. "நான் கேக்க மாட்டேன்" என்றார். "பிள்ள வெயில்ல காயுதுவே, சும்மா ஏதாவது கேளும்" என்றார் அவர். "கொடுத்தது கொடுத்ததுதான். வித்து வாங்குததுக்கு இது ஆடா, மாடா?" என்றார் உன் அப்பா.  பிறகு யாரோ "அல்லேலூயா" என்று சொல்ல, பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. மாரில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. அப்போதிருந்த போதகர் உன்னை என் கையில் கொடுத்து, "வளர்த்துத் திருப்பிக் கொடும்மா" என்றார். இரவல் பாத்திரத்தைக் கொடுக்கிற மாதிரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பாவை ஊர் மெச்சியது. அவரைவிட விசுவாசமுள்ளவர் கிடையாது என்றார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்கிற ஒரு வழக்கத்தை அவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல் எடுத்துக்கொண்டதுதான் நம் வீட்டின் கதை.

பக்கத்து வீட்டுப் பேச்சி பெரியம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. கிடை போட்டு ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவள், அவள் மூத்தவனும் சின்ன வயதில் சாகக் கிடந்தவன். துக்கம் கேட்க வந்தவள், போதகர் பேசியதை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் இட்லிப் பாத்திரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எம் மவனையுந்தான் கோயில்ல அம்மனுக்கு வித்தோம். ஒரு படி தவுட்டைக் குடுத்து அங்கனயே திருப்பி வாங்கியாந்துட்டோம். தவுடன்னு பேரு வச்சோம். அம்புட்டுத்தான், பேச்சு முடிஞ்சு போச்சு. எங்க அம்மன் எந்தப் பிள்ளைய எங்கன்னு கேட்டுப் பொறத்தாலயா வந்துச்சு? ஒங்க சாமி ஏன்ட்டி இம்புட்டு வம்புக்காரரா இருக்காரு?"

"எங்க சாமி இல்லக்கா. எங்க ஆளுக" என்றேன்.

"அப்பம் அவிய கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றாள். இட்லியைப் பிட்டு என் வாயில் திணித்ததால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு நீ மாறினாய். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆரம்பிக்கும்போது எழுந்து வெளியே போய், வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்பாய். அப்பமும் திராட்சை ரசமும் தகுதியில்லாமல் வாங்கினால் ஆக்கினைத் தீர்ப்பு வரும் என்று நீயாகவே உனக்குத் தடை போட்டுக்கொண்டாய். நம் சபையில் பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் எழுந்து போய் வாங்கினார்கள், வட்டிக்கு விடுகிறவர்கள் வாங்கினார்கள், உன்னைச் சட்டையைப் பிடித்து உலுக்கியவளும் முக்காடிட்டுப் போய் வாங்கினாள். நீ மட்டும் வெளியே வெயிலில் நின்றாய். ஒரு சாயங்காலம் முற்றத்தில் பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தாய். நிமிராமல் கேட்டாய்:

"எம்மா, மன்னிக்கவே முடியாத பாவம்னு ஒண்ணு இருக்காம்லா, அது என்னது?"

"எனக்குத் தெரியாது. நீ எதுக்குக் கேக்க?"

"நான் அதைச் செஞ்சிட்டேன்னு நினைக்கேன்."

"என்னத்தைலே செஞ்ச?"

"ஆண்டவர் பொருளைத் திருடிட்டேன்."

"எந்தப் பொருளை?"

"என்னையத்தான்" என்றாய்.

அடுத்த ஞாயிறு நீயாகப் போய்ப் போதகரிடம் வேதாகமக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். அவர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார், சபை கைதட்டியது. திருடிய பொருளைத் திருப்பி ஒப்படைக்கப் போகிறவனுக்குக் கைதட்டு. சரி, ஒப்படைத்தாய். போன வாரம் போனில் என்ன சொன்னாய்? "இங்கயும் அப்படியேதாம்மா இருக்கு. திருவிருந்துப் பந்திக்கு எழுந்து போக முடியல." நான் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "குழம்புல உப்பே இல்ல" என்றாய். நான் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் போனுக்குப் பிறகுதான். உன்னிடம் கேட்ட விலையை நீ கொடுத்துவிட்டாய், ஆனால் உனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று யோசித்தாயா? அந்த விலையை உன்னிடம் கேட்டது கடவுள் இல்லை, எய்யா.

நீ என்னைவிட அதிகமாக வேதம் படிக்கிறாய் இப்போது. போய் எடுத்துப் பார். முதற்பேறான பிள்ளையெல்லாம் தன்னுடையது என்று சொன்ன கடவுள், அதே மூச்சில், அந்தப் பிள்ளையை மீட்டுக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார். மீட்டுக்கொண்டாலும் கொள்ளலாம், விட்டாலும் விடலாம் என்று சொல்லவில்லை, கட்டளையாகவே சொல்லியிருக்கிறார். மலைமேல் விறகடுக்கி, மகனைப் பலியிடக் கத்தியை எடுத்த தகப்பனின் கையையும் அவரே பிடித்து நிறுத்தினார். பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர் வழக்கம். அதை மறுத்தவர் உன் அப்பா. அன்பினால்தான் மறுத்தார், பெருமையும் கொஞ்சம் இருந்தது, இரண்டையும் நான் அறிவேன். ஆனால் அவர் செய்த பொருத்தனை அவருடையது. ஒரு வயதுப் பிள்ளை சேவலின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது எதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

உன்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று என்றும் எனக்குத் தெரியும். பொருத்தனை போகட்டும், என் மனது கடினப்பட்டுவிட்டதே, ஜெபித்தால் கல்லில் பேசுகிற மாதிரி இருக்கிறதே, நான் கைவிடப்பட்டவன்தான் என்று நினைக்கிறாய். எங்கள் கடைக்குச் சர்க்கரை நோய் முற்றியவர்கள் வருவார்கள். காலில் ஆணி ஏறியிருக்கும், அவர்களுக்குத் தெரியாது, செருப்பில் ரத்தத்தைப் பார்த்து நாங்கள்தான் சொல்வோம். அந்தக் கால்தான் போய்விட்ட கால். வலிக்கிறது, தாங்க முடியவில்லை என்று நொண்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை. உனக்கு வலிக்கிறது. ஆண்டவரை இழந்துவிட்டேனோ என்று ஒரு வருஷமாக நொண்டுகிறாய். அவர் மேல் உனக்கு ஒன்றும் இல்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வரும்? மரத்துப்போனவர்கள் யார் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை யாரும் அச்சில் போட மாட்டார்கள்.

நீ சின்னவனாக இருந்தபோது, அப்பா உன்னைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து ஓட்டப்பிடாரம் பக்கம் அவர் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவார். இரண்டு பக்கமும் கரிசல், ஒரு மரம் கிடையாது, அனல் காற்று. ஊரைத் தாண்டுவதற்குள் நீ தூங்கிவிடுவாய். அவர் தோள் துண்டை எடுத்து உன்னைத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்து நான்தான் முடிச்சுப் போடுவேன். கைப்பிடியைப் பிடித்திருந்த உன் கை தூக்கத்தில் நழுவித் தொங்கும். நீ விழவில்லை. உன் பிடியால் நீ அந்த வண்டியில் இருக்கவில்லை. அப்பாவிடம் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. ஆனால் அந்தத் துண்டை அவர் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரட்சிப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த கொஞ்சம், பிரசங்கங்களில் கிடைக்கவில்லை, அங்கேதான் கிடைத்தது.

கிறிஸ்து உனக்காக விலை கொடுத்தார் என்று நம் சபை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கண்ணீரோடு பாடுகிறது. மறுநாளே உன்னிடம் வந்து மிச்சத்தைக் கேட்கிறது. மிச்சம் எதுவும் இல்லை. நீ அங்கே நடுங்கிக்கொண்டு படிக்கும் ஒவ்வொரு நாளும், அவர் கொடுத்தது போதவில்லை என்று நீயும் அவர்களோடு சேர்ந்து சொல்கிறாய். பின்னால் ஒரு நாள் உனக்கே ஆசை வந்து, பயம் இல்லாமல், ஊழியத்துக்குப் போகிறேன் என்றால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். இப்போது வேண்டாம். அன்று பேருந்து நிலையத்தில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்: வந்துவிடு. வராவிட்டாலும் நீ கைவிடப்பட்டவன் இல்லை. வந்தாலும் இல்லை.

இதுவரை உள்ளதை உனக்கு அனுப்பிச் சில மாதங்கள் கழித்துத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். உன்னிடம் கேட்டதற்கு, "போடும்மா, போதகர் ஐயா பேரை மட்டும் போட்டிராத" என்றாய். போடவில்லை. நீ பருவம் முடியும் முன்பே திரும்பி வந்து பட்டறையில் சேர்ந்துவிட்டாய். சபையில் ஒரு ஞாயிறு நமக்காக ஜெபித்தார்கள், வழி தப்பியவர்கள் என்று. அதன் பிறகு அங்கே போகவில்லை. உன் அத்தை நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. இப்போது டவுனில் வேறொரு சிறிய சபைக்குப் போகிறோம், அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு திருவிருந்துக்கும் நீ எழுந்து வெளியே போனாய். போன ஞாயிறு வரிசை நகர்ந்து நம் பெஞ்சுக்கு வந்தபோது எழுந்து போய் முழங்காலிட்டாய், கையை நீட்டி வாங்கினாய். வீட்டுக்கு வரும் வழியில், அப்பா போன பிறகு முதல் முறையாக, நீயாக வண்டியை நிறுத்தி ஆட்டுக்கறி வாங்கினாய்.